தண்ணீரில் நின்ற கல்

மலைமேல் அரியூர் நாட்டில் பஸ் வந்து திரும்புகிற இடத்துக்கு எதிரே அபுதாஹிரின் இரும்புக் கடை. கொடுவாள், மண்வெட்டி, களைக்கொத்து, மிளகுக்கொடி கழிக்கும் கத்தி என்று எல்லாம் தொங்கும். ஆனால் ஆட்கள் வந்தது அவற்றை வாங்க இல்லை, சாணை பிடிக்க. சாணைக்கு நிற்கிற நேரத்தில் ஆணி, தாழ்ப்பாள் என்று ஏதாவது கண்ணில் பட்டு வாங்கிப் போவார்கள். கடை அப்படித்தான் ஓடியது.

அந்தச் சாணைக்கல் ஒருநாள் வெடித்தது. அபுதாஹிரின் மனைவி சலீமா அப்போது டீ டம்ளரோடு பின்கட்டிலிருந்து வந்துகொண்டிருந்தாள். படீரென்ற சத்தத்தோடு தகரக் கூரை பொத்துக்கொண்டு வெளிச்சம் விழுந்தது. அபுதாஹிர் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது. பிற்பாடு அவள் தூக்கத்தைக் கெடுத்தது அந்த ரத்தம் இல்லை. மோட்டார் நிற்காமல், கல் இல்லாத வெறும் தண்டைச் சுற்றிக்கொண்டே இருந்தது, அதுதான்.

வலது கண் போயிற்று. சேலத்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அபுதாஹிர் கடையைத் திறந்தார், மூடினார், அவ்வளவுதான். சாணை இல்லை என்று தெரிந்ததும் ஆட்கள் பஸ் ஏறிக் கீழே போகத் தொடங்கினார்கள். போன இடத்திலேயே ஆணியும் வாங்கினார்கள்.

முள்ளுக்குறிச்சியில் கறிக்கடை வைத்திருக்கும் அவருடைய அண்ணன் அப்சர் ஒவ்வொரு முறை மலைக்கு வரும்போதும் ஒரே பேச்சைத்தான் பேசினார்.

"பூட்டிட்டுக் கீழ வாங்க. ஊடு பெருசு. சோத்துக்கா பஞ்சம்?"

சோற்றுக்குப் பஞ்சமில்லை என்பது சலீமாவுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அந்த வீட்டில் நாலு வருஷம் இருந்தவள் அவள். குழம்பில் உப்புப் போட ஒருவரைக் கேட்க வேண்டும், வெங்காயம் எடுக்க இன்னொருவரைக் கேட்க வேண்டும். பிள்ளை இல்லாததைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அவள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். மலையேறி வந்த பிறகுதான் அவள் தன் கையால் தனக்குப் பிடித்த மாதிரி ஒரு டீ போட்டுக் குடித்தாள். கடை போனால் இந்த அடுப்பும் போய்விடும்.

அதனால்தான் சேலத்துக்குப் போனார்கள். மரவேலைக்காரர்கள் உளி தீட்டுகிற மிஷின் ஒன்று இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். கடைக்காரர் ஒரு மூலையிலிருந்து அதை இழுத்து வைத்தார். ஆட்டுரல் அகலத்துக்குச் சாம்பல் நிறக் கல். கல்லின் அடிப்பகுதி ஒரு தொட்டிக்குள் முங்கியிருந்தது. தொட்டியில் தண்ணீர். சுவிட்சைப் போட்டதும் கல் சோம்பல் முறிப்பதுபோல மெல்லத் திரும்பியது. கடைக்காரர் ஓடுகிற கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துக் காட்டினார்.

"பாருங்க. தீப்பொறி வராதுங்க, சூடும் ஏறாதுங்க. தண்ணி பட்டுக்கிட்டே இருக்கறதால கத்தி நீலம் பாரிக்காது. கூர் அப்படியே நிக்கும்."

சலீமா திரும்பிப் பார்த்தாள். அபுதாஹிர் கடைக்குள் இல்லை. மோட்டார் சத்தம் கேட்டதுமே எழுந்து போய் ரோட்டோரம் லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். இனி இதை ஓட்டப் போவது யார் என்பது அந்த நிமிஷமே அவளுக்கு விளங்கிவிட்டது. மிஷினைக் கட்டச் சொன்னாள்.

கட்டும்போது கடைக்காரர் சொன்னார். "வேலை முடிஞ்சதும் தண்ணியை எறக்கிருங்கம்மா."

கொசு வரும் என்று சொல்கிறார் போல என்று நினைத்துக்கொண்டாள்.

மலையில் முதலில் சிரிப்புதான். மாதேஸ்வரன் என்று ஒரு மிளகுத் தோட்டக்காரர், தினமும் கடை வாசலில் வந்து நிற்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

"ஏனுங்கக்கா, மாவாட்டற கிரைண்டராட்ட இருக்குது. அரிசி ஊறப் போட்டு எடுத்தாரட்டுங்களா?"

"எடுத்தாங்க. மாவோட சேர்த்து உங்க வெரலு ரெண்டும் அரைச்சுத் தாரேன்."

பேச்சு இப்படி இருந்தாலும், சுவிட்சைப் போடும் ஒவ்வொரு தடவையும் அவளுடைய கால்கள் தாமாகவே பக்கவாட்டில் நகர்ந்துகொள்ளும். கல் உடைந்தால் அது பறப்பது முன்னாலும் மேலேயும்தான், பக்கத்தில் அல்ல என்று அவள் கண்ணால் கண்டிருக்கிறாள். அதனால் கல்லுக்கு நேர் எதிரே அவள் ஒருநாளும் நின்றதில்லை. கழுத்தை ஒடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துதான் தீட்டுவாள். இறைவன் பெயரால் பிஸ்மி சொல்லிக் கத்தியைக் கல்லில் வைத்தால், எடுக்கும்வரை மூச்சு விடுவதே மறந்துபோகும்.

கூர் மட்டும் நன்றாக வந்தது. பக்கத்து மலைக்கிராமமான பைல் நாட்டிலிருந்து சின்னாத்தாள் என்று ஒரு கிழவி மரவள்ளிக் கிழங்கு வெட்டுகிற கத்தியோடு வந்து, தீட்டியதைத் தன் முன்கையில் ஓட்டிப் பார்த்தாள். மயிர் வழித்துக்கொண்டு வந்தது.

"அடி ஆத்தா! கண்ணு, இத வெச்சு எம்மருமகன் தாடியவே எடுத்துரலாம் போல."

அதே கிழவிதான் மாசி மாதத்தில் ஒருநாள், சலீமா தொட்டித் தண்ணீரை வாசலில் ஊற்றுவதைப் பார்த்து வாயில் கை வைத்தாள். ஊற்று அப்போது சுண்டிப்போய்க் கிடந்தது. ஒரு குடம் நிரப்ப அகப்பையால் மொண்டு மொண்டு ஊற்ற வேண்டும்.

"ஏஞ்சாமி, ஊரே ஊத்துல குந்திக்கிட்டு இருக்குது. நீ தண்ணிய மண்ணுல ஊத்தறியே! அடுக்குமா?"

சலீமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. வெயில் காலத்தில் தண்ணீரைக் கீழே ஊற்றுகிறவள் என்று பெயரெடுத்து அந்த ஊரில் இருக்க முடியாது. அன்றிலிருந்து தொட்டியைக் காலி செய்வதில்லை. கைச்சாணைக் கல்லைத் தண்ணீரிலேயே போட்டு வைப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள்தானே. கல் ஊறினால் நல்லது என்றுதான் அவளுக்குத் தெரியும். நாள் முழுக்க ஓடுவதில் தண்ணீர் குறைந்து, ராத்திரியில் கல்லுக்கு எட்டாமல் கிடந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

பக்ரீத் நெருங்கியது. அப்சர் ஒரு துணி மூட்டையில் தம் கடைக் கத்திகளையும் பெருநாளுக்கு ஆடு அறுக்கிற அக்கம்பக்கத்து வீடுகளின் குர்பானிக் கத்திகளையும் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். நல்லெண்ணத்தில் கொடுத்ததா, சோதித்துப் பார்க்கக் கொடுத்ததா என்று சலீமாவுக்குப் புரியவில்லை. குர்பானிக் கத்தியில் பல் விழுந்திருந்தால் ஆடு துடிக்கும். அந்தப் பாவம் தீட்டியவள் தலையில்தான் விழும். "நாளைக்குக் காலை பஸ்ஸுல வந்து வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

சலீமா தொட்டியை நிறைய நிரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். பாதிக் கத்திகள் முடிந்திருந்தபோது, பொழுது சாயும் வேளையில் கரண்ட் போயிற்று. கல் மெல்லத் தளர்ந்து நின்றது. சலீமா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மலையில் கரண்ட் போனால் யாரும் சுவிட்சை அணைப்பதில்லை. பல்பும் ரேடியோவும் போட்டபடியே கிடக்கும். அது எரிந்தால், இது பாடினால், கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். அவளும் எதையும் அணைக்கவில்லை. இதோ வந்துவிடும் என்று பார்த்தாள். வரவேயில்லை. கல் பாதி தண்ணீரிலும் பாதி காற்றிலுமாக விடியும்வரை அசையாமல் நின்றது.

விடிந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனாள். திரும்பி வரும்போது அண்டை வீடுகளில் ரேடியோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாய் திறந்தன. கரண்ட் வந்துவிட்டது. அதோடு கூடவே இன்னொரு சத்தமும் கேட்டது. தொம்... தொம்... தொம்... உலக்கை போடுகிற மாதிரி. இந்த நேரத்தில் யார் நெல் குத்துகிறார்கள் என்று நினைத்தாள். சத்தம் தன் கடையிலிருந்து வருகிறது என்று புரிந்தபோது கால் ஒரு கணம் நின்றுவிட்டது. பிறகு ஓடினாள்.

கடைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பல்பு எரிந்தது. மிஷின் தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டமா அது! ஒவ்வொரு சுற்றுக்கும் கல் எம்பி எம்பி விழுந்தது. மிஷின் பெஞ்சின் மேல் துள்ளித் துள்ளி விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. தொட்டித் தண்ணீர் சிதறித் தரையெல்லாம் ஈரம். அந்த ஈரத்தின் மேல் மிஷினின் ஒயர் கிடந்தது.

சுவரோடு சுவராக அபுதாஹிர் நின்றிருந்தார். தொழுதுவிட்டுக் கடையைக் கூட்ட வந்திருக்கிறார். கையில் விளக்குமாறு. மிஷின் நகர்ந்து நகர்ந்து இப்போது அவருக்கு நேர் எதிரே வந்துவிட்டிருந்தது.

"தள்ளி நில்லுங்க! பக்கத்துல வாங்க! என்னங்க!"

அவருக்குக் கேட்கவில்லை. இருக்கிற ஒரு கண்ணை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

மிஷினின் சுவிட்சைத் தொட ஈரத்தில் கால் வைக்க வேண்டும். மீட்டர் போர்டு அந்தப் பக்கச் சுவரில் இருந்தது. அங்கே போகச் சிமெண்டுத் திட்டு ஒன்று உண்டு, அது காய்ந்திருந்தது. ஆனால் அந்தத் திட்டு கல்லுக்கு நேர் எதிரே போகிறது. இத்தனை மாதமாக எந்த இடத்தில் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது என்று கழுத்தை ஒடித்துக்கொண்டு உட்கார்ந்தாளோ, அந்த இடம். குடம் இடுப்பிலிருந்து எப்போது நழுவியது என்று தெரியவில்லை. "யா அல்லா, இந்தக் கண்ணை விட்டுரு" என்று வாய் சொன்னது. யாருடைய கண்ணை என்று அவள் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு திட்டின் மேல் ஓடினாள். காதருகே தொம்மென்று ஒரு சத்தம், முகத்தில் தண்ணீர். கல்தான் பட்டுவிட்டது என்று நினைத்தாள். கை முக்காட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு மீட்டர் போர்டின் பீஸ் கட்டையைப் பிடித்துப் பிடுங்கியது.

பல்பு அணைந்தது. தொம்... தொம். பிறகு ஒன்றுமில்லை.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் தொடவில்லை. அபுதாஹிர் சொன்னார்.

"கீழ போயிரலாம் சலீமா."

அவள் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றுபோன கல் ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடி அடங்கியது. எழுந்து போய் அதைக் கையால் சுற்றிவிட்டாள். சுற்றி வந்து அதே பக்கம் கீழே வந்து நின்றது. மறுபடி சுற்றினாள். மறுபடியும் அதே பக்கம். அந்தப் பக்கம் மட்டும் கறுத்திருந்தது. நகத்தால் சுரண்டினாள், மணல் கையோடு வந்தது. மறுபக்கம் வெளுத்து, இரும்பாட்டம் இருந்தது. ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்த பாதி கனத்துப்போய், குடிக்காத பாதியைத் தூக்கித் தூக்கி அடித்திருக்கிறது. சேலத்துக்காரர் கொசுவைப் பற்றிச் சொல்லவில்லை.

காலை பஸ்ஸில் அப்சர் வந்தார். ஈரத் தரையையும் தம்பியின் முகத்தையும் பார்த்தார். தம்பி நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் குரல் உயர்ந்தது.

"ஒரு கண்ணு போச்சு. இன்னொன்னும் போகட்டும்னு காத்திருக்கீங்களா? இன்னைக்கே மூட்டையைக் கட்டு. நான் கையோட கூட்டிட்டுத்தான் போவேன்."

"மச்சான்," என்றாள் சலீமா. மீதிக் கத்திகளை மூட்டையிலிருந்து எடுத்து வைத்தாள். "மீதிக் கத்தி சாயங்கால பஸ்ஸுக்கு ஆயிரும். அதுவரைக்கும் இருந்து வாங்கிட்டுப் போங்க."

"உனக்குப் பயமே இல்லியாம்மா?"

"பயமாத்தான் இருக்கு. கீழ வந்து இருக்கறதுக்கு இதைவிடப் பயமா இருக்குங்க."

அப்சரிடம் வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். தன் வீட்டுச் சமையலறை அவருக்கும் தெரியும்தானே. டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டார்.

சலீமா மரையைக் கழற்றிக் கல்லை உருட்டிக்கொண்டு போய்க் கடைக்குப் பின்னாலிருந்த பாறையில் வெயில் படும்படி சாய்த்து வைத்தாள். பாறை சுட்டது. மாதேஸ்வரன் வந்து பார்த்தார்.

"என்னங்கக்கா, வடாம் காயப் போட்டாப்பல கல்லைக் காயப் போட்டிருக்கீங்க?"

"காக்கா தூக்கிட்டுப் போயிராம நின்னு பாத்துக்குங்க."

அவரும் உண்மையிலேயே கொஞ்ச நேரம் நின்று பார்த்துக்கொண்டார்.

வெயில் இறங்கும்போது கல் முழுக்க ஒரே நிறத்துக்கு வந்திருந்தது. திரும்ப மாட்டிக் கையால் சுற்றிவிட்டாள். ஒரு தடவை ஒரு பக்கத்தில் நின்றது, அடுத்த தடவை வேறு பக்கத்தில். மிஷின் சுவிட்சை அணைத்துவைத்துத் தரையைத் துடைத்தாள், பீஸ் கட்டையைத் திரும்பச் செருகினாள். தொட்டியில் தண்ணீர் ஊற்றிக் கையாலேயே கல்லைப் பல சுற்று சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றுபோல நனைத்தாள். இனி சுவிட்சைப் போட வேண்டியதுதான் பாக்கி. கை போகவில்லை.

அபுதாஹிர் உள்ளே வந்தார். ரோட்டுப் பக்கம் போகவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே போய் மீட்டர் போர்டுக்குக் கீழே நின்றார்.

"நான் பீஸ் கட்டைகிட்ட நிக்கறேன். நீ ஒரு சத்தம் குடு, புடுங்கிர்றேன்."

"கண்ணை மூடிக்காதீங்க."

"மூடலை. போடு."

போட்டாள். கல் திரும்பியது. தொம் என்ற சத்தத்துக்காக இருவரும் காத்திருந்தார்கள். தண்ணீர் கல்லின் மேல் ஏறி வழியும் சலசலப்பு மட்டும் கேட்டது. முதல் கத்தியை வைத்தாள். காது கல்லிலேயே இருந்ததால் விளிம்பில் சின்னதாக ஒரு வளைசல் விழுந்தது. அதைத் திரும்பத் தீட்டி எடுக்க வேண்டியிருந்தது.

வாசலிலிருந்து அப்சர் கத்தினார். "ஏய், ரெண்டு பேரும் உசுரோட இருக்கீங்களா?"

"இருக்கோம்ணே. சத்தம் போடாதீங்க, கல்லுச் சத்தம் கேக்கணும்!" என்றார் அபுதாஹிர்.

கடைசிக் கத்தி முடிந்தபோது பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அப்சர் ஒரு கத்தியை எடுத்துப் பீடிக்கட்டுக் காகிதத்தின் மேல் வைத்தார். அழுத்தவில்லை, காகிதம் இரண்டாகிவிட்டது. மூட்டையைக் கட்டிக்கொண்டார். "பெருநாளுக்காவது வந்துட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினார்.

பஸ் வளைவில் மறைந்த பிறகு சலீமா சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கினாள். தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் இறக்கினாள். மண்டி தெளிந்தால் நாளைக்கு ஆகும். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தாள். அபுதாஹிர் பீஸ் கட்டையைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பயம் போச்சா?"

"இல்லீங்க."

"எனக்கும் இல்ல," என்றார். "நாளைக்கு என்ன வேலை இருக்கு?"

"மாதேஸ்வரன் கொடுவாள் ரெண்டு கெடக்குது."

"சரி. ஊத்துக்குப் போயிட்டு வா. நீ வந்தப்பறம் பீஸைப் போடறேன்."