தறி நின்றால் அழும் குழந்தை

தறியின் மிதி விழும் ஓசை. அதன்மேல் ஊடிழையைச் சுமந்து நாடா ஓடும் சரசரப்பு. கடைசியில் பலகை வந்து ஒரு தட்டு. போன மாதம் காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்துச் சந்தொன்றில் வண்டியை நிறுத்தி வழி கேட்க வாயெடுத்தவன், கேட்க வந்ததை மறந்து அப்படியே நின்றுவிட்டேன். ஓசை வந்த வீட்டின் ஜன்னல் சாத்தியிருந்தது. கம்பியில் காய்ந்த பட்டு இழைகளிலிருந்து ஈரமும் சாயமும் கலந்த வாசனை வந்தது. எனக்கு வயதாகிவிட்டது, காதுக்கு ஆகவில்லை போலிருக்கிறது. தறி ஓடுகிறதா என்று முதலில் கேட்பது, ஓடினால் மட்டும் படியேறுவது என்ற அந்தப் பழைய வழக்கத்துக்கு அது தானாகத் திரும்பியது. அக்கா பழக்கிவிட்ட வழக்கம்.

அக்கா என் உடன்பிறந்தவள் அல்லள். கைக்குழந்தைகளை ஆண்டுதோறும் பார்த்து, அவர்கள் மனம் எப்படி வளர்கிறது என்று பின்தொடர்ந்த ஓர் ஆய்வில் நாங்கள் இருவரும் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிற வேலையில் இருந்தோம். உளவியல் படித்தவள். வீட்டில் தெலுங்கு, வீதியில் தமிழ். கணவர் நெசவாளர். ஆய்வுக் குழந்தைகளின் வயதிலேயே அவளுக்கும் ஒரு பெண் குழந்தை, ஆய்வில் சேராத குழந்தை. காக்கை கத்தினால் அழும். குக்கர் விசில் அடித்தால் அழும். புது ஆள் வாசலில் நின்றால் மூச்சு நின்றுபோகிற மாதிரி அழும். தறி ஓடும்போது மட்டும் எதற்கும் அழாது. முதல்முறை அவள் வீட்டுக்குப் போனபோதே எனக்குச் சட்டம் சொல்லிவிட்டாள்: "தறி ஓடிக்கினு இருந்தா உள்ள வா தம்பி. நின்னுட்டா நீயும் வெளியவே நின்னுடு. பாப்பா போடுற கூச்சல்ல உன்ன புள்ள புடிக்கிறவன்னு கட்டி வெச்சிடுவாங்க."

அந்த ஆண்டுகளை நினைத்தால் எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடந்ததுபோல இருக்கிறது. தறிக்குழியில் இடுப்புவரை இறங்கி உட்கார்ந்த ஆண்கள், உத்திரத்தில் பழைய சேலையால் கட்டிய தூளி, தறி அதிரும்போது தானும் லேசாக அதிரும் அந்தத் தூளி. நாங்கள் மெதுவாகப் பேசுவோம், மெதுவாக எழுதுவோம். குழந்தை எங்கே தூங்குகிறது, எத்தனை முறை விழிக்கிறது, யாரைக் கண்டால் ஒளிகிறது. அடுத்த ஆண்டு மறுபடி போவோம். தூளியில் கிடந்தது வாசலில் நிற்கும், அதற்கடுத்த ஆண்டு பல்லைக் காட்டி ஓடும். ஒரே கனவின் அடுத்தடுத்த துண்டுகளைப் பார்ப்பதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

குழந்தைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பருவத்தில், ஆய்வை நடத்திய மேடம் அதுவரை வந்த விடைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார். கைக்குழந்தையாகத் தறி அறையில் தூங்கியவர்களிடம் பள்ளி வயதில் பயமும் பதற்றமும் கூடுதலாகத் தெரிந்தன. வீடு சின்னதா பெரியதா, பெற்றோர் எவ்வளவு படித்தவர்கள் என்பதையெல்லாம் கணக்கில் சேர்த்தால் வித்தியாசம் குறைந்தது, மறையவில்லை. முன்னால் சத்தம், பின்னால் பயம். ஒருநாள் கேட்ட கேள்வி அல்ல, ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தது. அந்த வரிசையில் ஒரு மயக்கம் இருக்கிறது. நான்கூட மயங்கித்தான் போனேன். சந்து சந்தாகக் கேட்ட அந்த ஓசைக்குள் இப்படியொரு விஷமா என்று கவிதைபோல ஏதோ கிறுக்கியும் வைத்தேன்.

அக்கா அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. மூடியை விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். நாடாவின் தாளத்தில் தட்டுகிறாள் என்பது கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. அவளுக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும், கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தென்னேரியில எங்க அண்ணன் வீடு ஏரிக்கரை ஓரமா இருக்குது. அங்க சத்தமே கெடையாது. பாப்பாவ அங்கயே ஸ்கூல்ல சேத்துடப் போறேன்."

"நீங்க?"

"ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துக்கினு வருவேன். நான்தானே தம்பி கொண்டுபோய்த் தறிகிட்ட போட்டேன்."

மறுநாள் தறி ஓடுகிற ஓசை கேட்டே அவள் வீட்டுக்குள் போனேன். கணவர் குழியில் இருந்தார். சேதி அவருக்கும் வந்துவிட்டிருந்தது. "என் தறி மேல கேஸ் போட்டுட்டாங்களாமே தம்பி உங்க ஆபீஸ்ல" என்றார். "நானும் இதுங்கீழ தூங்கினவன்தான்பா. எனக்கு இன்னி வரைக்கும் உங்க அக்காவப் பாத்தாதான் பயம்." சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு நெய்வதை நிறுத்தினார். நிறுத்திய மாத்திரத்தில் உள்ளறையிலிருந்து குழந்தை ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்க்காமல் முகத்தைப் புதைத்தது. அடுப்படியில் இருந்த அக்காவின் பக்கம் திரும்பி அவர் சொன்னார்: "வேணும்னா தறியப் பிரிச்சு வேற எங்கனா போட்டுடறேன். புள்ளைய அனுப்பாத."

மேடம் சின்னக் காஞ்சிபுரத்துக்காரர். கோயில் வீதியில் பரம்பரை வீடு, மெல்லிய குரல். அக்காவின் முகத்தைப் பார்த்துத்தானோ என்னவோ, அந்த முடிவை வெளியே அனுப்பாமல் வைத்திருந்தார். ஒரு காலையில் எங்களைக் கூப்பிட்டு, "தூளி எங்கே கட்டினேள்னு கேட்டோம். ஏன் அங்கே கட்டினேள்னு கேட்கவே இல்லையே" என்றார். ஒரே வீட்டில் ஒரு பிள்ளை தறியருகிலும் மற்றது வேறிடத்திலும் தூங்கிய குடும்பங்களுக்கு எங்களை மறுபடி அனுப்பினார்.

ஓரிக்கை போகும் சாலையில் ஒரு வீடு. இரண்டு பிள்ளைகள். பெரியவன் முன்னறையில் தூங்கி வளர்ந்தவன், சின்னவள் தறியருகில். ஏன் என்று அக்கா கேட்டாள். "பெரியவன் எங்க போட்டாலும் தூங்குவான்மா. இது பொறந்ததுலேந்தே பயந்தாங்கொள்ளி. தறிச் சத்தம் கேட்டாதான் கண்ண மூடும். வேற எங்க போடறது?" என்றாள் அந்தத் தாய், இதிலென்ன கேள்வி என்பதுபோல. அக்கா பேனாவை மூடினாள். வேறு வீடுகளிலும் இதே பதில் வேறு வேறு வார்த்தைகளில் வந்தது. திரும்பும் வழியில் அவளே சொன்னாள்: "எங்க பாப்பா பொறந்த வாரத்துல காக்கா கத்தினதுக்கு எம்மா நேரம் அழுதா தெரியுமா. அப்போ தூளியே கட்டல தம்பி."

நாங்கள் முதலில் பார்த்தது முதலில் நடந்தது அல்ல. குழந்தைக்கு ஒரு வயது ஆன பிறகுதான் அந்த வீடுகளின் படியேறினோம். அதற்கு முன்பே பயம் பிறந்து, அழுது, தனக்குப் பிடித்த ஓசையின் அருகே படுத்துக்கொண்டுவிட்டது. கடையில் முதலில் விரித்துக் காட்டுவது முந்தானையைத்தான், அதனால் நெய்ததும் அதுதான் முதலில் என்று ஆகிவிடாது. வீட்டின் அளவைக் கேட்டோம், கணக்கில் சேர்த்தோம். பிறந்த வாரத்தின் அழுகையை யாரும் கேட்கவில்லை, கேட்காததை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஓடிப்போய் மேடத்திடம் சொன்னோம். அவர் மகிழ்ந்துவிடவில்லை. "இதையும் அப்படியே நம்பிடாதீங்கோ" என்றார். "இப்போ பயப்படற குழந்தையோட அம்மா, பொறந்தப்பவே பயந்துதுன்னுதான் ஞாபகம் வெச்சுப்பா. பயந்த சுபாவம் அப்பாகிட்டேர்ந்து வந்திருக்கலாம். சத்தமும் கொஞ்சம் கெடுத்திருக்கலாம். நமக்குத் தெரியலை, அவ்வளவுதான்." அந்த "தெரியலை"யில் ஏமாற்றம் இல்லை, ஒரு கதவைச் சத்தமில்லாமல் திறந்துவைப்பதுபோல இருந்தது. அக்கா அங்கேயே, மேடத்தின் மேசை முன்னால் நின்றபடி, "தெரியாத ஒண்ணுக்காக எம்புள்ளைய அனுப்ப மாட்டேன்" என்றாள்.

பாப்பா தென்னேரிக்குப் போகவில்லை. தறி இடம் மாறவில்லை. அதற்கப்புறம் ஏதோ ஒரு பருவத்தில், யாரும் கவனிக்காதபோது, அவளுடைய பயம் தளர்ந்தது. வயதா, பள்ளியில் கிடைத்த தோழியா, அம்மா தன்னைத்தானே குற்றவாளியாகப் பார்ப்பதை நிறுத்தியதா, அதே தறியா? எனக்கு ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் பிடிக்கும். எழுத உட்கார்ந்தால், அழகாக இருப்பதையே காரணமாக்கிவிடப் பார்க்கிறது கை. அதனால்தான் இத்தனை காலம் எழுதவில்லை.

சந்தில் நின்றுகொண்டிருந்தபோது உள்ளே தறி நின்றது. யாரோ காபி குடிக்க எழுந்திருப்பார்கள். வெயிலும் நிசப்தமும் ஒன்றாகச் சேர்ந்தன. என் கால் தன் பழக்கத்தில் ஓர் அடி பின்னால் வைத்தது.

ஆய்வு வேலையை விட்டு நான் ஊரைவிட்டுக் கிளம்பிய மாலையும் அப்படித்தான். சொல்லிக்கொள்ளப் போனேன். தறி ஓடவில்லை. நான் தெருவிலேயே நின்றேன். பாப்பா வந்து கதவைத் திறந்தாள், ஒரு காலைப் படியிலும் ஒரு காலை உள்ளேயும் வைத்து. அவள் பின்னால் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், பேச வேண்டியதை மகளுக்கு விட்டுக்கொடுத்தவள்போல ஓரமாக நின்றாள். வாசற்படியில் உட்கார்ந்தே காபி குடித்தேன், பையைத் தோளில் மாட்டினேன், படியிறங்கினேன். தெருமுனை திரும்புவதற்குள் அந்தச் சின்னக் குரல் பின்னாலிருந்து வந்தது.

"மாமா, அடுத்த வாட்டி தறி ஓடலன்னாகூட உள்ள வா."