குடம் நகர்ந்த நாள்

தொலைக்காட்சித் தொடரில் ஒரு பெண் தன் டைரியை வாசிக்கிறாள். "இந்த எபிசோடுதாம்மா பெஸ்ட்" என்கிறாள் என் மகள். எனக்கோ சின்ன வயதில் ராயபுரத்துக் குழாயடியில் டைரி வாசித்த என் தெருத் தோழி ஸ்டெல்லாவின் குரல் கேட்கிறது.

துறைமுகத்தில் வேலை பார்த்த அவள் அப்பாவுக்குப் புத்தாண்டுக்குக் கிடைத்த டைரியில்தான் ஸ்டெல்லா எழுதுவாள். வரிசையில் குடத்தை வைத்துவிட்டு, தண்ணீர் வரும்வரை எல்லோரும் அவளைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். முந்தின நாள் நடந்ததை எழுதி வந்து வாசிப்பாள். மீன் விற்கும் அஞ்சலையக்காகூட, "அப்பால இன்னா ஆச்சு, சொல்லுமே" என்பாள். நானும் கப்பல் தீப்பிடித்த கதை ஒன்றை எழுதிப் போனேன். "உன் வூட்ல நடந்தத சொல்லுமே" என்று அக்கா கொட்டாவி விட்டாள்.

வயிறு எரிந்தது. மறுநாள் ஸ்டெல்லா வாசிக்கும்போது அவள் குடத்தை வரிசையின் கடைசிக்கு நகர்த்தினேன். அவள் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது.

அடுத்த நாள் வாசித்தாள்: "நேத்து என் குடத்த ஒருத்தி பின்னால வெச்சிட்டா. யாருன்னு தெரியும். அவ அம்மாவுக்கு ஜுரம். அவளுக்காவது தண்ணி கெடச்சுதே."

"யாருமே அது?" என்றாள் அஞ்சலையக்கா. ஸ்டெல்லா என் பக்கம் திரும்பாமலே டைரியை மூடினாள்.

அவள் வாசித்ததிலேயே சிறந்தது அதுதான். ஜுரம் என் அம்மாவுக்கு, திருட்டுத்தனம் என்னுடையது. என் வீட்டில் நடந்ததைக்கூட அவள்தான் எழுதினாள்.