பென்சன் எடுத்த கைகள்

பிரசவம் பார்க்கும் மருத்துவமாது வேலையில் ஓய்வைக் கடிதத்தில் தருவார்கள். சுபஹுத் தொழுகைக்கு முன்னமே விழித்து, இன்றைக்கு யாருக்குப் பிரசவ நாள் என்று யோசிக்கிற மனதை அந்தக் கடிதம் ஒன்றும் செய்யாது. பென்சன் எடுத்தவர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த நான் இந்தக் கற்பிட்டிக் கரையில்தான் வேலை பார்த்தேன். யுத்தம் முடிந்து சில வருடத்தில் ஓய்வும் பெற்றேன்.

கிளினிக் வாங்குப் பலகை

முதல் மாதம் முழுக்க ஏதாவது சாக்குச் சொல்லி கிளினிக்குக்குப் போய் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். தாய்மார் கர்ப்பக் கார்டை என்னிடமே நீட்டினார்கள். நானும் வாங்கிப் பார்த்தேன். என் இடத்துக்கு வந்த புது மிஸி, சின்னப் பிள்ளை, நல்லவள், பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள் தேத்தண்ணி தந்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "மிஸி, நீங்க இங்க இருக்கிற வரைக்கும் நான் இவங்களுக்கு ஆளே இல்ல."

ரஹீமா ராத்தா

அதன்பின் வீட்டுச் சாய்வுக் கதிரையே கதி என்று கிடந்தேன். ஆலங்குடாவில் ஒரு வயதான பெண் மௌத்தானபோது, இறந்த பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டும் ரஹீமா ராத்தா வந்து கூப்பிட்டார். அவருக்குக் கூடமாட நிற்கிறவளுக்குக் காய்ச்சலாம்.

எத்தனையோ பிள்ளைகளை ஏந்திய என் கைக்கு அந்தத் தலையின் பாரம் பிடிபடவில்லை. நழுவ விடப் பார்த்தேன். ராத்தா கோபிக்கவில்லை. இளஞ்சூட்டுத் தண்ணீரை ஊற்றியபடியே சொன்னார்: "இவங்களுக்கு நோகாது. ஆனா நோகும் எண்டு நெனச்சித்தான் கழுவணும்."

கண்டக்குழியில்

கண்டக்குழியில் கடலுக்குப் போகும் ஒருவரின் மனைவி நிஸா. ஏழு மாதக் கர்ப்பிணி. தலையிடி விடுவதில்லை என்று என் வாசலுக்கு வந்தாள். கிளினிக்கில் கேட்ட சொல் எனக்குள் இன்னும் புளித்துக்கொண்டிருந்தது. நான் இப்போது பென்சன், அங்கே போய்க் காட்டு என்று நின்ற நிலையிலேயே அனுப்பிவிட்டேன்.

அவள் கிளினிக்குக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் வலிப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் தாயும் வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டார்கள். குளிப்பாட்ட நானும் போனேன். வீங்கிய கணுக்காலில் என் விரல் பட்ட இடம் பள்ளமாகவே நின்றது. அவள் உயிரோடு நின்றபோதே நான் பார்த்து, பிரஷர் என்று பிடித்திருக்க வேண்டிய பள்ளம் அது.

கபன் துணி சுற்றி முடிந்ததும் அவளுடைய உம்மாவிடம் போய், வாசலோடு அனுப்பியதை ஒளிக்காமல் சொன்னேன். அவர் சொன்னார்: "அவ வந்தது எனக்குத் தெரியும் மிஸி. நீங்க வாயால சொல்லுவீங்களா எண்டுதான் பாத்துக்கிட்டிருந்தன்."

குறிஞ்சிப்பிட்டிப் பெண்

அதன்பிறகு எந்தக் கர்ப்பிணி வந்தாலும் முதலில் பாதத்தை அமத்திப் பார்ப்பேன். சந்தேகமென்றால் கூட்டிக்கொண்டு போய் அந்தப் புது மிஸியிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே நிற்பேன்.

யுத்தத்தோடு வன்னியிலிருந்து வந்து குறிஞ்சிப்பிட்டியில் தங்கிவிட்ட ஒரு பெண், வீங்கிய காலோடு ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்றாள். ஆட்டோவில் ஏற்றி, கையை விடாமல் பிடித்துக்கொண்டு போனேன். குறைமாதப் பிள்ளை; இரண்டு உயிரும் தப்பின. வார்ட்டில் பார்க்கப் போனபோது பிள்ளையைத் தரத் தயங்கினாள். பிறகு மெல்ல என் மடியில் வைத்தாள்: "சவம் குளிப்பாட்டுற கையெண்டு சனம் சொன்னவை, அம்மா. எனக்குப் பயம்தான். ஆனா இவனைத் தூக்க எங்களுக்கு வேற ஒருத்தரும் இல்லை."

வேலையிலிருந்தபோது ஊர் என்னைப் பிறப்புக்கு மட்டும் தேடியது, இப்போது மௌத்துக்கும் சேர்த்துத் தேடுகிறது, இதற்குத்தான் ஓய்வென்று பெயர் வைத்திருக்கிறார்கள்.