ஆதம்பாவா ஹாஜியாரை மௌத்தாக்கிய லைப்ரரி

பள்ளிவாசல் ஒலிபெருக்கி மரணச் செய்தி சொல்லுமுன் ஒருமுறை கரகரத்து அடங்கும். நான் சிறுமியாக இருந்தபோது அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் அம்மியில் அரைக்கும் கை நின்றுவிடும். இன்று அதே செய்தியைக் கைபேசிகளுக்கு அனுப்புவதுதான் எங்கள் தொழில். சனங்கள் மனம்போல எழுதி அனுப்புவதைப் பிரித்து, யார், எந்த ஊர், எத்தனை மணிக்கு அடக்கம் என்று திரையில் பெட்டி பெட்டியாக நிரப்ப வேண்டும். அதற்கு யாரோ ஆயத்தமாக எழுதிவைத்த கணினி நிரலைத் தேடி எடுப்போம். அதைத்தான் லைப்ரரி என்கிறோம். தேடி எடுத்து அடிபட்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கல்முனையில் புடவைக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். கொழும்பில் கணினியோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்று வந்த நானும், கைக்குழந்தைக்காரி ஸப்னாவும். பள்ளிவாசல் நிர்வாகம் எங்களைப் பரீட்சித்துப் பார்த்துக்கொண்டிருந்த காலம். அவர்கள் வேண்டாம் என்றால் அறைகளுக்குப் பூட்டு. குழந்தையை உம்மாவிடம் விட்டுவிட்டு ஸப்னா கொழும்பில் வேலை தேட வேண்டும்.

கண்டிப்பானது

முதல் லைப்ரரி பழைய பாடசாலை அதிபர் மாதிரி. ஓர் அடைப்புக்குறி குறைந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடும். எங்கள் ஊராரோ முற்றுப்புள்ளியே வைப்பதில்லை. இன்னாரின் மனைவியும் இன்னாரின் உம்மாவும் இன்னாரின் மாமியுமான என்று உறவுக்குள் உறவாக ஒரே மூச்சில் எழுதி, அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிப்பார்கள். காலையில் வந்த அறிவித்தல் ஒன்றைக்கூட அது ஏற்கவில்லை. ஸப்னா திரையைப் பார்த்து என்னிடம் சொன்னாள்: "மாமி, இதுட கணக்குல நம்மட ஊர்ல ஒருத்தரும் மௌத்தாகவே மாட்டாங்க."

கெட்டிக்காரன்

அடுத்தது எல்லாவற்றையும் தானே ஊகிக்கும். எந்தப் பெட்டியையும் காலியாக விடாது. நாங்கள் இருவரும் அதில் மயங்கிப்போனோம். அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது: அரிசி ஆலை ஆதம்பாவா ஹாஜியாரின் சாச்சி வபாத்தானார். இறந்துபோன அந்தச் சின்னம்மாவின் பெயர் இல்லை. பெண்ணின் பெயரை விட்டுவிட்டு, ஊரறிந்த ஆணைச் சொல்லி அறிவிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கெட்டிக்காரனுக்குப் பெயர்ப் பெட்டி காலியாகக் கிடப்பது பொறுக்கவில்லை. கண்ணில் பட்ட பெயரை எடுத்துப் போட்டுவிட்டது.

அக்கரைப்பற்றிலிருந்து ஒலுவில் வரை ஹாஜியார் மௌத்து என்று செய்தி போனது. உச்சி வெயிலில் அவரே எங்கள் படியேறி வந்தார். தண்ணீர் கொடுத்தோம். குடித்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, என்ர ஊட்டு வாசல்ல சனம் கதிரை போட்டு இரிக்கி. நான் போய் ஸலாம் சொன்னா ஒருத்தன் மயங்கி உழுந்திட்டான். பின்னேரம் ஆலைக்கு நெல்லு வருது. நான் இரிக்கனா இல்லையா, ஒரு முடிவச் சொல்லுங்க."

மந்தமானது

பள்ளிவாசல் செயலாளர் தொலைபேசியில், இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஒலிபெருக்கியே போதும் என்றார். ஸப்னா அன்று சாப்பாட்டுப் பொதியைத் திறக்கவில்லை. யாரும் புகழாத மூன்றாவது லைப்ரரி ஒன்றை எடுத்தோம். உறவுகளை ஒவ்வோர் அடுக்காகப் பிரிக்கும். மரணித்தவரின் பெயர் கிடைக்காவிட்டால் ஊகிக்காமல் நின்று, அனுப்பியவரிடமே பெயரைக் கேட்கும். என்னோடு படித்தவர்களில் எத்தனை பேர் வெறும் இன்னாரின் மனைவியாக மண்ணுக்குள் போனார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

செயலாளருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. "பொம்புளைட பேர ஊரெல்லாம் காட்டுறதா ராத்தா? எடுத்துடுங்க" என்றார். எடுத்தால் இன்னொரு ஹாஜியார் மௌத்தாவார் என்றேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவு சொல்வதாகத் தொலைபேசியை வைத்துவிட்டார்.

கூட்டத்துக்கு முன்பே அவருடைய உம்மா போய்விட்டார். செயலாளரின் உம்மா வபாத்தானார் என்று அவரே எழுதி அனுப்பினார். மந்தமானது நின்று பெயரைக் கேட்டது. ஸப்னா நகத்தைக் கடித்தபடி இருந்தாள். பிறகு செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "பேரு எழுதி அனுப்பிரிக்கன் ராத்தா. சுலைஹா. இந்தப் பேரச் சொல்லி உம்மாவ ஒருத்தரும் கூப்பிட்டு நான் கேட்டதில்ல. அந்தக் கேள்வி அப்படியே இரிக்கட்டும்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நிரலைத் தேர்ந்தெடுக்க எனக்கு இத்தனை வயதாகிவிட்டது. ஸப்னா கொழும்புக்குப் போகவில்லை.