இழுத்து நடந்தவர்

பிளஸ் டூ பிள்ளைகள் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்த காலத்தில் திண்டுக்கல்லில் மாடியறையில் டியூஷன் நடத்தினேன். ஒருநாள் இலங்கை அகதி முகாமிலிருந்து ஒரு பெரியவர் விறுவிறுவென்று படியேறி வந்தார். வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நடக்கிறான் எண்டதுக்கு பிரெஞ்சில என்ன டீச்சர்?"

"இல் மார்ஷ்."

"இழுத்து நடக்கிறான் எண்டா?"

பாடப்புத்தகத்தில் பூங்காவில் உலாவுகிறவர்கள்தான் இருந்தார்கள். "எப்படி இழுத்து?" என்றேன். எழுந்து, இடது காலைத் தரையில் தேய்த்தபடி சுவர்வரை நடந்து காட்டினார்.

"மகன். பிரான்சுக்குக் காட்டுவழியா நடந்தவன் எண்டு கடைசியாக் கேள்விப்பட்டனாங்கள். அங்க இருக்கிற பொலிசுக்கு போன் எடுத்து அடையாளம் சொல்ல வேணும்."

"செத்த நேரம் இருங்க, எழுதித் தாரேன்" என்று அகராதியைப் புரட்டினேன். "இல் புவாத்." அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். சொல்லும்போதெல்லாம் நடந்தார்.

தாளை வாங்கிக்கொண்டு கிளம்பியவரை ஜன்னல் வழியே பார்த்தேன். தெருமுனைவரை இடது காலை இழுத்தபடியே போனார்.

பிறகு பஸ் ஸ்டாண்டில் இரண்டு முறை கண்டேன். இரண்டு முறையும் அதே நடை.