வாசலில் நின்ற மாடசாமி

மாடசாமியின் விரல் நுனி போனதற்கு நான்தான் காரணமோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆண்டவரின் பிள்ளைகளான உங்களிடம் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி. கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் பஞ்சைப் பிரிக்கும் முள் உருளையை ஒரு சின்னக் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தேன். சுற்றுகளை எண்ணும் கார்டு, நிறுத்தும் பொத்தானின் கார்டு, இரண்டும் பஸ் என்கிற ஒரே கம்பித் தடத்தின் வழியாகக் கம்ப்யூட்டரைக் கூப்பிடும். அந்தக் கூப்பாட்டுக்கு இன்டரப்ட் என்று பெயர். அதற்குச் செவிகொடுக்கும் புரோகிராம் நான் எழுதியது.

அந்த மெஷினில் வேலை பார்த்த பசுவந்தனைக்காரர் மாடசாமி, சிக்கிய பஞ்சை எடுக்க, பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் உருளையில் கை வைத்தார். உருளை நிற்கவில்லை. அமுக்கினேன் என்று அவர் சொன்னதை மேனேஜர் நம்பாமல் அவரை வேலையை விட்டு நிறுத்தினார். கோளாறைக் கண்டுபிடிக்க நான் அவகாசம் கேட்டுக் கெஞ்சியதால், சனிக்கிழமை மத்தியானம் வரை மெஷினை ஓட்டுவதில்லை என்றார்.

பஞ்சு போடாமல் சும்மா சுற்றவிட்டுப் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். பெரும்பாலும் உடனே நின்றது. எப்போதாவது ஒருமுறை பிந்தியது. ஏன் எப்போதாவது மட்டும்? அந்தக் கேள்வி பல்வலி மாதிரி கூடவே இருந்தது. வயரை மாற்றினேன், கார்டை மாற்றினேன். பிடிபடவில்லை.

சனிக்கிழமை காலை வீட்டுக் கதவைத் தாழிட்டு முழங்காலிட்டேன். ஜெப நேரத்தில் யாரும் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம், தெருவுக்கே தெரியும். தப்பைக் காட்டும், ஆண்டவரே என்று அழுதேன்.

ஆமென் சொல்லிக் கதவைத் திறந்தால் வாசலில் மாடசாமி, கட்டுப் போட்ட கையோடு. வந்து அரைமணி நேரமாம்.

"மத்தியானம் வரைக்கும் பொறுக்க மாட்டாவளாம் அண்ணாச்சி, இப்பவே மிஷினை ஓட்டப் போறாவ. அதைச் சொல்லத்தான் ஓடியாந்தேன். நீங்க ஜெபத்துல இருந்திய, நடுவுல கூப்பிடக் கூடாதுல்லா? அதான் நின்னுட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. உயிர் போகிற விஷயத்துக்கு இப்படியா நிற்பது? மறுநொடி உறைத்தது. என் புரோகிராமும் இதையேதான் செய்தது. அதிர்வில் ஒரு சுற்றை இரண்டாக எண்ணிவிடக் கூடாதே என்று, எண்ணும் கார்டு கூப்பிட்டதும் கொஞ்சம் காத்திரு, அதுவரை வேறு யாருக்கும் செவிகொடுக்காதே என்று எழுதியிருந்தேன். அது அடுத்தடுத்துக் கூப்பிட்டால் காத்திருப்பும் நீளும். அந்த நேரம் பார்த்து அமுக்கினால் நிறுத்தும் பொத்தான் வாசலிலேயே நிற்கும்.

சைக்கிளில் பறந்தோம். மெஷின் ஓடும் முன் தடுத்துவிட்டோம். புரோகிராமில் அந்தக் காத்திருப்பை அங்கிருந்து எடுத்தேன். நிறுத்தச் சொல்லும் கூப்பாட்டை முதலில் கேட்க வைத்தேன். மாலைவரை மாடசாமியே அமுக்கினார். ஒருமுறையும் பிந்தவில்லை. தப்பு என்னுடையது என்று மேனேஜரிடம் சொன்னேன். திங்கட்கிழமை மாடசாமி வேலைக்கு வந்தார்.

ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அன்றுமுதல் நான் ஜெபிக்கும்போது தாழ் போடுவதில்லை. நீங்களும் நம்பிக் கேளுங்கள். கதவை மட்டும் திறந்து வையுங்கள். நான் உள்ளே அழுதுகொண்டிருந்த அரைமணி நேரமும் என் ஜெபத்தின் பதில் வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தது.