இங்கன காட்டு

தேவமணிக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருசம். இத்தனை வருசத்தில் வீட்டில் என்னென்ன வேலை செய்தாய் என்று கேட்டால் சமையல், துவைப்பு, பிள்ளை வளர்ப்பு, சத்துணவுக்கூட வேலை என்று அடுக்குவாள். ஒன்றை மட்டும் சொல்ல மாட்டாள். அவள் புருசனுக்கு டார்ச் பிடித்தாள்.

புருசன் வேதமுத்து, மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முருகன்குறிச்சியில் அவர்கள் வீட்டு வாசலை ஒரு எலக்ட்ரீஷியனோ பிளம்பரோ மிதித்தது கிடையாது. மிக்ஸி, மோட்டார், ஃபியூஸ், குழாய் எல்லாம் அவரே பார்ப்பார். நல்லாவும் பார்ப்பார், அதை மறைப்பானேன். ஆனால் மனுசன் கையில் ஸ்பேனரை எடுத்துவிட்டால் போதும், நாக்கில் சனியன் வந்து உட்கார்ந்துகொள்ளும். "அங்கன எங்க காட்டுத? இங்கன காட்டு. கண்ணு பொடதியிலயா இருக்கு?" என்பார், பிடரியில் கண் முளைத்தவளிடம் கேட்பது போல. கை கடுத்துப்போய் டார்ச்சைக் கை மாற்றினால் அதற்கு ஒரு ஏச்சு. தும்மினால் அதற்கு ஒன்று.

டார்ச் பிடிக்கிறவளுக்குப் பார்ப்பதைத் தவிர வேறென்ன வேலை? அவர் ஒரே இடத்தை முறைத்துக்கொண்டு கிடக்க, பக்கத்தில் நிற்கிற அவளுக்கு முழுசும் தெரியும். எத்தனையோ தரம் பழுது இருக்கிற இடம் அவள் கண்ணில்தான் முதலில் பட்டது. வாயைத் திறந்து சொன்னால் "நீ எனக்குப் படிச்சுத் தாறியா?" என்பார். அதனால் பேசாமல் வெளிச்சத்தை அந்த இடத்தில் போடுவாள். அப்போதும் ஏச்சுதான். போகட்டும், வீட்டுக்குள் நடப்பதுதானே என்று விழுங்கிக்கொண்டாள்.

விழுங்க முடியாத ஏச்சு கரோலினின் நிச்சயத்தன்று வந்தது.

கரோலின் அவர்களுக்கு ஒரே மகள். மாப்பிள்ளை ஜெய்சன் வீட்டார் சாயர்புரத்திலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். பகல் பதினொரு மணி, சர்ச் ஐயர் ஜெபத்தை ஆரம்பிக்கப் போகிறார், பட்டென்று ஃபேன் எல்லாம் நின்றது. மாடிப்படிக்கு அடியில் இருக்கிற ஃபியூஸ் பெட்டி பட்டப்பகலிலும் கும்மிருட்டு. வேதமுத்து பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். பட்டுச்சேலையோடு தேவமணி பின்னால் டார்ச்சோடு நின்றாள்.

மூன்றாவது ஃபியூஸ் கட்டை ஓரத்தில் கரி பிடித்திருந்தது. அவள் வெளிச்சத்தை அங்கே போட்டாள். அவர் முதல் கட்டையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். "இங்கன காட்டுடி!" என்றார். அடுத்து இரண்டாவது கட்டை. அரை மணி நேரம். ஐயர் கைக்குட்டையால் விசிறிக்கொண்டார். சம்பந்தி வீட்டார் ஒவ்வொருவராக எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். "இருவத்தாறு வருசமாச்சு. ஒரு டார்ச்ச நேராப் பிடிக்கத் தெரியாதவளக் கட்டிட்டு நான் படுத பாடு" என்று அவர் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். கடைசியில் மூன்றாவது கட்டையை உருவினார், கம்பி எரிந்து கிடந்தது. கம்பியை மாற்றிவிட்டு வெளியே வந்து, "இப்பத்தான் ஒழுங்காக் காட்டுதா" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தியம்மா மட்டும் சிரிப்போடு நிறுத்தவில்லை. "மகளுக்காவது நேராப் பிடிக்கத் தெரியுமா, சம்பந்தி?" என்று கேட்டாள். கரோலின் தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளை அந்த வீட்டுக்குத்தானே வாழப் போகிறது? டார்ச் பிடிக்கத் தெரியாதவள் மகள் என்கிற பேரோடு போய் நிற்கவா? இதே ஆட்கள் முன்னால், இதே பேச்சை இந்த மனுசன் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நான் தேவமணி இல்லை என்று கறுவிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு கோயிலில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது, மன்னிக்கிற வரி வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். சொல்லிவிட்டு உடைப்பதைவிடச் சொல்லாமல் இருப்பது மேல் அல்லவா?

நிச்சயம் முடிந்த மறுநாளே பாளை மார்க்கெட்டில் பீர் முகம்மது அண்ணாச்சி கடைக்குப் போனாள். வீட்டு வேலைக்கு ஒரு நல்ல லைட்டு வேண்டும் என்றாள். அவர் முதலில் முழ நீளத்துக்கு ஒரு டார்ச்சை எடுத்து, அடித்தால் ஆற்றுக்கு அக்கரையில் தெரியும் என்றார். அக்கரையில் எனக்கென்ன வேலை, பேசினுக்கு அடியில் அடித்தால் கண்தான் கூசும் என்று தள்ளிவிட்டாள். அடுத்து, தலையில் வாரோடு மாட்டுகிற லைட்டு. இரண்டு கையும் சும்மா இருக்கும், யாரும் பிடிக்க வேண்டியதில்லை என்றார். அந்த ஒரு குணத்துக்காகவே அதுவும் வேண்டாமென்றாள். அண்ணாச்சி தலையைச் சொறிந்தார்.

மூன்றாவதாகக் கையளவு சதுர லைட்டு ஒன்று வந்தது. பக்கவாட்டில் அடித்தால் அறை முழுக்கப் பரவும், கண்ணும் கூசாது. நுனியில் அடித்தால் காசு அகலத்துக்கு ஒரே வட்டம். முதுகில் காந்தம், தலையில் மடக்குக் கொக்கி. தண்ணீர் தெறித்தால் ஒன்றும் ஆகாது, செல்போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏற்றலாம். தேவமணி அதைக் கடை ஷட்டரில் ஒட்டிப் பார்த்தாள். கொக்கியை இழுத்துப் பார்த்தாள். நுனி வெளிச்சத்தைச் சுவரில் அடித்து, தூரத்தில் நிற்கிறவனுக்கும் அந்த வட்டம் எங்கே விழுகிறதென்று தெரியுமா என்று பார்த்தாள். கடைசியாகக் கையை நீட்டி ஐந்து நிமிசம் அசையாமல் பிடித்தாள்.

"கனக்காதும்மா" என்றார் அண்ணாச்சி.

"கொஞ்சம் கனக்கட்டும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.

லைட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் குடியேறியது. வேதமுத்து காலையில் கோயில் கமிட்டி, நூலகம் என்று கிளம்பியதும் அது வெளியே வரும். ஃபியூஸ் பெட்டிக் கதவில் அதைக் காந்தத்தால் ஒட்டவைத்து, மெயினை அணைத்துவிட்டுக் கம்பி மாற்றிப் பார்த்தாள். எவர்சில்வர் சிங்க்கில் காந்தம் ஒட்டாது என்று கண்டுபிடித்து, அங்கே கொக்கியைக் குழாயில் மாட்டினாள். டேப் வாஷர் மாற்றினாள், பேசின் குழாயைக் கழற்றி மாட்டினாள். இருபத்தாறு வருசம் பார்த்த பார்வை, கை பத்தே நாளில் படிந்துவிட்டது. யாரும் ஏசாததால் இன்னும் சீக்கிரமாகவே படிந்தது.

கல்யாண வாரத்தில் வேதமுத்து கோயில் படியில் வழுக்கி முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டார். குத்துக்கால் வைக்க முடியாது. இவளுக்குக் கேட்கவா வேண்டும்?

கல்யாணம் முடிந்து அடுத்த ஞாயிறு மறுவீட்டு விருந்து. அன்று காலை ஆராதனைக்குக் கிளம்பும் முன், சாப்பாட்டு அறைப் பேசினுக்கு அடியில் இருக்கிற அலமாரிக்குள் கையை விட்டு, சுவர் ஓரத்து நட்டை முக்கால் சுற்று தளர்த்திவிட்டு வந்தாள். அதே கையால் சேலைத் தலைப்பை முக்காடு போட்டுக்கொண்டுதான் கோயிலில் உட்கார்ந்திருந்தாள், மகராசி.

பிரியாணி ஆனது. பன்னிரண்டு பேர் வரிசையாகக் கை கழுவினார்கள். சம்பந்தியம்மா கழுவும்போது அலமாரிக்கு அடியிலிருந்து தண்ணீர் பொங்கி வந்து அவள் பட்டுச்சேலைக் கரையை நனைத்தது. அது திட்டத்தில் இல்லை, ஆனால் தேவமணி வருத்தப்படவில்லை.

வேதமுத்து நொண்டிக்கொண்டு வந்து குனியப் பார்த்தார், முட்டு மடங்கவில்லை. தேவமணி ஸ்பேனரோடு தரையில் உட்கார்ந்தாள். புது லைட்டை நுனி வெளிச்சத்தில் வைத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் லைட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அத்தை, இதுல கொக்கி இருக்கே, மாட்டிருவோமா?" என்றான் ஜெய்சன்.

"இருக்கட்டும் மாப்பிள்ளை. மாமா பிடிப்பாங்க."

அவள் திட்டம் இவ்வளவுதான்: அவர் அங்கேயும் இங்கேயும் அடித்துத் தடுமாறுவார், நாலு வார்த்தை ஏசிவிட்டு நட்டை முறுக்கி எழுந்துவிடலாம். ஆனால் மனுசன் தொழில் தெரிந்தவர் அல்லவா? வெளிச்ச வட்டம் நேராகப் போய்ச் சுவர் ஓரத்து நட்டின் மேல் உட்கார்ந்தது. இப்போது முறுக்கினால் அவருக்குத்தான் பேர். சம்பந்தியம்மா ஈரக் கரையைப் பிழிந்துகொண்டே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரோலின் கதவோரம் நின்று, வேண்டாம்மா என்பது போலப் பார்த்தாள்.

தேவமணி பேசினை ஒட்டி இருந்த மேல் நட்டில் ஸ்பேனரை வைத்தாள்.

"அங்கன எங்க காட்டுதிய? இங்கன காட்டுங்க" என்றாள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். வட்டம் மேலே வந்தது, கொஞ்ச நேரத்தில் பைய மறுபடி சுவர் ஓரத்து நட்டுக்கே இறங்கியது. "கண்ணு பொடதியிலயா இருக்கு?" என்றாள். கொல்லென்று சிரிப்பு எழுந்தது. ஒன்றுமில்லாத மேல் நட்டைக் கால்மணி நேரம் கழற்றி மாட்டினாள். அவர் கை கடுத்துப்போய் லைட்டைக் கை மாற்றினார். அதற்கும் ஏசினாள். "இருவத்தாறு வருசமாச்சு, ஒரு லைட்ட நேராப் பிடிக்கத் தெரியல" என்று முடித்துவிட்டு, சம்பந்தியம்மாவைப் பார்த்து, "எங்க வீட்டு ஆம்பளைக்கு இது வராது. ஜெய்சனுக்காவது வருமா, சம்பந்தி?" என்று கேட்டாள். அந்த அம்மாவுக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

பிறகு சுவர் ஓரத்து நட்டை முக்கால் சுற்று முறுக்கினாள். கரோலின் குழாயைத் திறந்துவிட்டாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

வேதமுத்து குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "நான் முதல்லயே அந்த எடத்தைத்தான காட்டினேன்."

"அன்னைக்கு நானும் அந்த எடத்தைத்தான் காட்டினேன்" என்றாள் தேவமணி. அவள் குரலைத் தணிக்கவில்லை.

அவர் மாடிப்படிக்கு அடியில் இருந்த ஃபியூஸ் பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கையில் லைட்டு மட்டும் இன்னும் அந்த நட்டின் மேலேயே அடித்துக்கொண்டிருந்தது.

"வேலை முடிஞ்சிட்டுல்லா, அணைங்க" என்று சொல்லிவிட்டு அவள் பாயசம் எடுக்கப் போனாள்.